கையில்லாத கிண்ணங்கள்

அத்தியாயம் 11

குகன் ஐந்து பத்துக்கு எழுந்தான். கேத்தலில் ஒரு ஆளுக்குத் தண்ணீர் வைத்தான். முதல் இரண்டு மாதம் கை தானாக இரண்டு ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. இப்போது கைக்குப் பழகிவிட்டது.

பல் துலக்கினான். வெந்நீரில் குளித்தான். ரொட்டியில் காயா ஜாம் தடவி, நின்றுகொண்டே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சமையலறை ஜன்னல் தட்டை ஈரத்துணியால் துடைத்தான். தட்டின் நடுவில் ஒரு மரக் கிண்ணம் இருந்தது. அதைச் சுற்றித் துடைத்தான். கிண்ணத்தைத் தொடவில்லை. எட்டு மாதமாக அப்படித்தான்.

ஸ்வெட்டர், தொப்பி, பூட்டு, மோட்டார் சைக்கிள்.

ஆறு மணிக்குப் பெரட்டு. தேயிலைத் தோட்டத்தின் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குகனேஸ்வரன், விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று, வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டான். இங்கே பெயரைக் கூப்பிடுவதில்லை. எண்தான். பெரட்டிலும் எண், கொழுந்து நிறுக்கும்போதும் எண். நாற்பத்தேழு என்றபோது மூடுபனிக்குள்ளிருந்து ஒரு வங்காளதேசத்துக்காரர் குரல் கொடுத்தார். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் அந்த எண்ணுக்குக் குரல் கொடுத்தவர் வடிவம்மாள், குகனின் மாமியார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எண் ஓய்வு பெறுவதில்லை.

எட்டு நாற்பதுக்கு ஆபீசில் இருந்தபோது கைபேசி அதிர்ந்தது. அவன் மனைவி பூவிழியின் அண்ணன் தர்மேந்திரனின் குரல் பதிவு.

"மாப்ள, லிங்க் அனுப்பிருக்கேன். மூணு டிசைன் இருக்கு. மொத டிசைன்தான் எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க ஒரு ஓகே போட்டாப் போதும் லா. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஓட்டல்காரனுக்கு அனுப்பணும்."

மூன்று வாரத்துக்கு முன்னால் தர்மேந்திரன் வீட்டுக்கு வந்து, பூவிழியின் கைபேசியைக் கேட்டிருந்தார். அவள் கடைந்த கிண்ணங்களின் படம் எல்லாம் அதில்தான் இருந்தது. இணையத்தில் ஒரு பக்கம் போடலாம், தானா ராத்தாவில் ஓர் ஓட்டல் தன் முன்கூடத் திரையில் அதைக் காட்டச் சம்மதித்திருக்கிறது, பள்ளி விடுமுறைக்கு ஆட்கள் வருவார்கள் என்றெல்லாம் சொன்னார். குகன் கைபேசியை எடுத்துக் கொடுத்தான். "செய்யுங்க மச்சான்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவன் யாரிடமும் எதுவும் கேட்பதாக இல்லை.

இப்போது கணினியில் அந்த இணைப்பைத் திறந்தான்.

முதல் டிசைன். வரிசைக்கு மூன்று சதுரம். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கிண்ணம்.

கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றன.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. ஐந்தாறு படம் தள்ளிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

தோட்டத்தில் மறுநடவுக்காகப் பிடுங்கிப் போடும் கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டை அடுப்பெரிக்கத்தான் போகும். பூவிழி அதைத்தான் கடைந்தாள். ஈப்போவில் மூடப்போன ஒரு தளவாடப் பட்டறையிலிருந்து பழைய லேத் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து, வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தாள். வீடியோ பார்த்துக் கற்றாள். தேயிலைக் கட்டை முறுக்கும் முடிச்சுமாக இருக்கும். ஒன்றைப்போல் ஒன்று வராது. விரிசல் விழுந்தால் விழுந்தபடியே விடுவாள். கடைந்து முடித்ததும் எண்ணெய் பூசிக் காயவைத்து, காலையில், பனி இறங்குவதற்கு முன், சமையலறை ஜன்னலில் நின்று படம் எடுப்பாள். வலது கையில் கைபேசி. இடது உள்ளங்கையில் கிண்ணம். அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எடு என்று ஒரு தடவை அவன் சொன்னதற்கு, "கைய விட அளவு வேற என்ன வேணும்?" என்றாள்.

அறுபத்து மூன்று படம். அறுபத்து மூன்றிலும் அந்த இடது கை இருந்தது.

இப்போது இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். கை இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் மாதிரி எதையோ மென்பொருள் வரைந்து நிரப்பியிருந்தது.

ஒரே ஒரு படத்தில் மட்டும் கட்டைவிரல் நுனி தப்பியிருந்தது. அவளுக்கு அந்த நகம் லேத்தில் அடிபட்டுக் கறுத்துப் போயிருந்தது. மரத்தின் முடிச்சு என்று நினைத்து மென்பொருள் அதை விட்டுவைத்திருந்தது.

குகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காதுமடல் சுட்டது. எட்டு மாதத்தில் அவன் உடம்பில் எதுவும் சுட்டதாக நினைவில்லை.

ஒவ்வொரு படத்தின் கீழும் 'எண் 47' என்று போட்டிருந்தது. அறுபத்து மூன்றுக்கும் அதே எண்.

பக்கத்தின் உச்சியில், பொன்னிற எழுத்தில்:

'என் கலை உலகெங்கும் ஒளி வீசட்டும்.' – பூவிழி கடைசியாகச் சொன்னது.

அவள் அதைக் கலை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டை என்பாள். 'இன்னிக்கு ரெண்டு கட்ட முடிச்சேன்.' அவ்வளவுதான்.

எழுந்து பெரிய கிராணி சிவசாமியின் மேசைக்குப் போனான்.

"அரை நாள் லீவு வேணும்."

"எங்க?"

"கியா பார்ம். மச்சான் கடைக்கு."

சிவசாமி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "இந்த எட்டு மாசத்துல நீ கேக்குற மொத லீவு, தம்பி. போயிட்டு வா. யாரையும் அடிச்சிடாத."

"அடிக்கல."

"மூஞ்சி அப்படிச் சொல்லல."

லயத்து வீடுகளைத் தாண்டும்போது வடிவம்மாள் குடையோடு ரோட்டோரம் நின்றிருந்தார். குகன் நிற்காமல் போக நினைத்தான். அவர் குடையை நீட்டி மறித்துவிட்டார்.

"இந்நேரத்துல எங்க, மாப்ள?"

"மச்சானப் பாக்க, அத்த."

"பசியாறினீங்களா?"

"ஆச்சு."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவன் கைபேசியில் பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தான்.

வடிவம்மாள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. எழுத்து தெரியவில்லை, படம் தெரிந்தது. நாலைந்து படம் தள்ளினார்.

"என்ன இது, கிண்ணமெல்லாம் ஆவி மாரி நிக்குது?"

இன்னொரு படம் தள்ளினார்.

"கை எங்க, மாப்ள?"

"அழிச்சிட்டாங்க."

"யாரு?"

"மச்சான்தான் சொல்லிருப்பாரு. உங்க மருமவ ரூபினி செஞ்சிருக்கும்."

"கீழ என்னமோ எழுதியிருக்கே?"

"எண் நாப்பத்தேழுன்னு."

"எதுக்கு?"

"எல்லாக் கிண்ணத்துக்கும்."

"அறுபத்து மூணுக்குமா?"

"ஆமா அத்த."

வடிவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "மொத்தத்தையும் நானே கடைஞ்சேன்னு நெனச்சிட்டாங்களா?"

ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் பூவிழி பழுக்கக் காய்ச்சிய கம்பியால் 47 என்று சுட்டு வைத்திருந்தாள். அம்மாவின் எண். என் பேரையே போடேன்டி என்று வடிவம்மாள் கேட்டதற்கு, 'ஒன் பேரு நீளம்மா, எடம் பத்தாது' என்று பதில் வந்தது. தோட்டத்தில் எவரைக் கேட்டாலும் அது ஆளின் எண் என்று சொல்லியிருப்பார்கள். ரூபினி ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. நான் என்ன செத்தா போயிட்டேன், கேக்க முடியாம?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. குடையை மடக்கினார்.

"நானும் வரேன்."

"மோட்டார்ல எப்படி அத்த?"

"ஒக்காந்துதான்."

மருமகன் பின்னால் மாமியார் உட்கார்ந்து போவதை அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். அவர் ஒருக்களித்து உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தன் ரோத்தான் கூடையை வைத்துக்கொண்டார். மரியாதைக்கு அந்த இடைவெளி போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தானா ராத்தாவுக்கு முந்தின இரண்டாவது வளைவில் குகன் வேகத்தைக் குறைத்தான். அங்கேதான் அன்று காய்கறி லாரி வந்தது. பார்சல் அனுப்பப் போன பூவிழி போஸ்ட் ஆபீஸ் போய்ச் சேரவில்லை. வடிவம்மாள் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். வளைவு முடிந்தது.

பிரிஞ்சாங்கில் வழக்கமான நெரிசல். திரிங்காப் பக்கமிருந்து இறங்கும் லாரிகளும் ஏறுகிற சுற்றுலா பஸ்களும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. அந்த அரை மணி நேரம் முழுவதும் குகன் மனசுக்குள் பேசிப் பார்த்தான். என்ன துணிச்சல் என்று ஆரம்பித்தான். யாரைக் கேட்டு என்று ஆரம்பித்தான். எதுவும் போதுமானதாக இல்லை.

கியா பார்மில் தர்மேந்திரனின் கடை ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் ஸ்ட்ராபெரி, கள்ளிச் செடி, அவித்த சோளம். பின்னால் ஒரு மேசையில் ரூபினியும் மடிக்கணினியும். தர்மேந்திரன் ஒரு சீனக் குடும்பத்திடம் மூன்று பாஷையில் ஸ்ட்ராபெரியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

மோசமான மனிதர் இல்லை அவர். பூவிழியின் காரியம் முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்தவர். கருமாதி வரைக்கும் குகனின் வீட்டு வாசலில் பாய் விரித்துப் படுத்தவர். அதெல்லாம் குகனுக்கு நினைவில் இருந்தது. அன்று அது உதவவில்லை.

"வாங்க மாப்ள." பின்னால் இறங்கியவரைப் பார்த்துவிட்டு, "அம்மாவுமா? மோட்டார்லயா?"

"ஆமாண்டா. பெரிய மொதலாளி என்ன செய்யிறாருன்னு பாக்க வந்தேன்" என்றார் வடிவம்மாள்.

"கைய எதுக்கு அழிச்சீங்க?" என்றான் குகன்.

"மொதல்ல ஒக்காருங்க. கோப்பி குடிக்கிறீங்களா? ரூபினி..."

"கைய எதுக்கு அழிச்சீங்க, மச்சான்?"

தர்மேந்திரன் சோளச் சட்டியை மூடினார். "நீட்டா இருக்கணும்ல. ஓட்டல் டீவியில ஓடப்போவுது. சிங்கப்பூர்க்காரன் பாப்பான், வெள்ளக்காரன் பாப்பான். நகம் கறுத்துப்போன கையப் பாத்தா அவன் என்ன நெனப்பான்?"

"அந்த நகம் எப்படிக் கறுத்துச்சு?"

"லேத்துல அடிபட்டுத்தான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப தெரிஞ்சே அழிச்சிருக்கீங்க."

"மாப்ள, சத்தம் வேணாம். வியாபார நேரம்." தர்மேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. இல்லாதவங்க கைய நாலு பேரு வந்து போற எடத்துல காட்டுறது நல்லாவா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"இல்லாதவ செஞ்சத விக்கலாம்" என்றார் வடிவம்மாள். "கைய மட்டும் காட்டக் கூடாதா?"

சீனக் குடும்பம் ஸ்ட்ராபெரியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தது.

ரூபினி எழுந்து வந்தாள். தர்மேந்திரனின் மனைவி, பொதுவாகப் பேச்சில் தலையிடாதவள். "அண்ணே, நான் சொல்றேன். மொத டிசைன் எல்லாம் சதுரம். படத்த அதுவே ரெண்டு பக்கமும் வெட்டிக்கும். போட்டுப் பாத்தா ஒவ்வொரு கட்டத்துலயும் கை பாதியா நின்னுச்சு. வெட்டிப் போட்ட கை மாரி. எனக்கே பயமாயிருச்சு. அதப் பாத்துட்டுத்தான் இவரு அழிக்கச் சொன்னாரு."

"அப்ப தப்பு கையில இல்ல" என்றான் குகன். "கட்டத்துல."

"ஆனா போன்ல பாக்க சதுரம்தான் அழகு, அண்ணே. மத்ததெல்லாம் ஏத்தக் கொறச்சலா இருக்கும்."

"அவ செஞ்சதே ஏத்தக் கொறச்சல்தான்."

ரூபினி போய் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ஸ்ட்ராபெரிப் பெட்டி ஒன்றை இழுத்து வடிவம்மாளுக்கு இருக்கையாகப் போட்டாள். குகன் நின்றான்.

இரண்டாவது டிசைன், ஒரு நேரத்துக்கு ஒரு படம். வந்து வந்து ஓடியது.

"இது வேணாம்" என்றான். "லேத்து நின்னப்புறம்தான் அவ யாரையும் பாக்க விடுவா. இது நிக்கவே மாட்டேங்குது."

மூன்றாவதில் கட்டங்கள் ஒரே அளவில் இல்லை. படம் எவ்வளவு உயரமோ அவ்வளவு இடம். கல் சுவர் அடுக்கியதுபோல் ஒன்றை ஒட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. எதையும் வெட்டவில்லை.

"இதுல போடு."

"கை இல்லாமலா, அண்ணே?"

"கையோட. அசல் படம் இருக்கா, இல்ல அதையும் அழிச்சாச்சா?" கேட்கும்போது அவன் குரல் மாறியது. மோட்டாரில் வந்த வழியெல்லாம் அவன் பயந்தது இதற்குத்தான்.

ரூபினி கணவனைப் பார்க்காமல் சொன்னாள். "இருக்கு. தனியா வச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் அழிச்சிடுன்னு சொன்னேன்ல?" என்றார் தர்மேந்திரன்.

"நீங்க கையத்தான் அழிக்கச் சொன்னீங்க. படத்த இல்ல."

படங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. எடுத்த தேதி வரிசையில் வந்தன. முதல் கிண்ணங்கள் தடித்தும் கோணியும் இருந்தன. அவற்றைத் தாங்கிய கையில் ஒரு கீறலும் இல்லை. இருபதுக்குப் பக்கத்தில் விரலில் கல்யாண மோதிரம் வந்தது. முப்பதில் மோதிரம் காணாமல் போனது. லேத்தில் மாட்டிக்கொள்ளும் என்று கழற்றிவிட்டாள். நாற்பத்தொன்றில் கட்டைவிரலில் துணிக் கட்டு. அதற்குப் பிறகு கறுத்த நகம். கிண்ணங்களின் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. கடைசிக் கிண்ணங்களில் வெளிச்சம் ஊடுருவியது.

சதுரத்தில் இது எதுவும் தெரிந்திருக்காது.

வடிவம்மாள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இது என் காப்புடி. கைக்குப் பத்தலன்னு குடுத்தேன்." விரலை நீட்டினார், திரையைத் தொடவில்லை.

"கீழ இருக்குற நாப்பத்தேழ எடுத்துடு, ரூபினி" என்றான் குகன். "அது அத்தையோட எண். பெரட்டு எண்."

ரூபினியின் கை விசையிலேயே நின்றுவிட்டது. "ஐயோ அத்த. நான் ஸ்டாக் நம்பருன்னு நெனச்சேன்."

"எல்லாத்துலயும் ஒரே நம்பரா இருக்கேன்னு தோணலையா?"

"எல்லாம் ஒரு செட்டுன்னு நெனச்சிட்டேன்."

"செட்டுதான்" என்றார் வடிவம்மாள். "அம்மாவும் மவளும்."

பக்கத்தின் அடிக்குப் போனபோது கடைசி வரிசையில் ஒரு வெற்றுக் கட்டம் நின்றது. "வரிசைக்கு நாலு. இருக்குறது அறுபத்து மூணுதானே. ஒரு எடம் காலியா நிக்குது" என்றாள் ரூபினி. "இன்னொரு கிண்ணம் இருக்கா, அண்ணே? இருந்தா சரியா அடைஞ்சிரும்."

குகன் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தான்.

"காலியாவே இருக்கட்டும்."

தர்மேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே முக்கால். கடையில வேற யாராவது ஏதாவது சொல்லணுமா? இத அனுப்புனா ஓட்டல்காரன் போடமாட்டான், எழுதி வச்சுக்குங்க. அவனுக்கு நீட்டா வேணும்."

"போடாட்டிப் போகட்டும். இன்னும் முடியல." குகன் திரையின் உச்சியைக் காட்டினான். "இது யாரு சொன்னது?"

தர்மேந்திரன் சோளச் சட்டியைத் திறந்தார். மூடினார்.

"அவ சொன்னதுதான்."

"எப்ப?"

தர்மேந்திரன் சோளக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"எப்ப சொன்னா, மச்சான்? ரோட்டுலயே முடிஞ்சிருச்சு. நீங்க வர ஒரு மணி நேரம் ஆச்சு. யார்கிட்ட சொன்னா?"

"என்ன எழுதியிருக்கு?" என்றார் வடிவம்மாள். "எனக்குக் கண்ணாடி இல்ல. படி ரூபினி."

ரூபினி தயங்கித் தயங்கிப் படித்தாள். என் கலை உலகெங்கும் ஒளி வீசட்டும்.

"ஒளி வீசட்டுமா?" வடிவம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தார். "எம்மவளா?"

"செத்தவ வாயில வார்த்தைய வைக்கிறதுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" என்றான் குகன். அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கையையும் எடுத்தீங்க. நம்பரையும் கெடுத்தீங்க. பேச்சையும் மாத்துனீங்க. அவளோடது என்னதான் மிச்சம் இதுல? மரம் மட்டும்தான். அதுவும் தோட்டத்து மரம்."

தர்மேந்திரன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. சோளக் கரண்டியை மேசைமேல் போட்டார்.

"ஆமா. நான்தான் எழுதுனேன். வேற என்ன எழுதச் சொல்றீங்க? அவ என்கிட்ட கடைசியாப் பேசுனது என்னன்னு தெரியுமா? கிண்ணத்த வைக்கக் கடையில ஒரு தட்டு எடம் கேட்டா. விடுமுறை கூட்டம், இப்ப முடியாதுன்னேன். 'கூடப் பொறந்தவளுக்கு ஒரு தட்டு குடுக்க மூக்கால அழுவுற. ஒன் ஸ்ட்ராபெரி பூரா அழுவிப் போவும் பாரு'ன்னுட்டு போன வச்சிட்டா. ரெண்டு நாள்ல போயிட்டா. அதப் போடவா மேல? தங்க எழுத்துல?"

ரோட்டில் ஒரு பஸ் பின்வாங்கிக்கொண்டு கீச்சிட்டது.

"சாவுக்கு வந்தவங்க கேட்டாங்க. கருமாதிக்கு வந்தவங்க கேட்டாங்க. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. அன்னிக்குக் காலையில வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான், மாப்ள. எட்டு மாசமா வாயத் தொறந்தீங்களா? ஒரு வார்த்த சொன்னீங்களா எங்களுக்கு? கேட்டா எந்திரிச்சுப் போயிடுவீங்க. நீங்க சொல்லல. அதனால நான் சொன்னேன்."

குகன் அசையாமல் நின்றான். கோபம் குறையவில்லை. ஆனால் அது ஊன்றி நின்ற தரை கொஞ்சம் நகர்ந்தது.

அவன் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்தக் காரணம். பாயில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு பெரிய வார்த்தைக்காக அவன் வாயைப் பார்த்தார்கள். அவனிடம் இருந்தது பெரியதாக இல்லை. நீட்டினால் அவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தான். அதனால் வைத்துக்கொண்டான்.

"நானும் கேக்கல, மாப்ள" என்றார் வடிவம்மாள், பெட்டிமேல் இருந்தபடியே. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு மாசமும் படையல் போடுறப்ப நெனப்பேன், இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு. அவ என் வயித்துல பொறந்தவ. எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

ரூபினி உச்சியில் இருந்த பொன்னிற வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது.

"சொல்லுங்க, அண்ணே. நான் எழுதிக்கிறேன். எதுவா இருந்தாலும் அப்படியே போடுறேன்."

"எழுதலாமான்னு கேட்டப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் தர்மேந்திரன். ஆனால் அவரும் சட்டியை விட்டுவிட்டு மேசைப் பக்கம் வந்து நின்றார்.

குகன் திரையைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே, மலையடிவாரம் வரை வெள்ளையாக விரிந்து கிடந்த காய்கறித் தோட்டப் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒன்பது மணி இருக்கும். எனக்கு அன்னிக்கு லீவு. ரெண்டு கிண்ணத்தப் பேப்பர்ல சுத்தி மோட்டார் முன்னாடி ராகாக் கூடையில வச்சா. ஹெல்மெட் போட்டுக்கிட்டா. நான் அடுப்படியில நின்னேன். முந்தின ராத்திரி முடிச்ச கிண்ணம் ஒண்ணு ஜன்னல் தட்டுல இருந்துச்சு. படம் எடுக்கல இன்னும். ரொம்ப மெல்லிசு. நான் அத எடுத்துப் பாக்கலாம்னு கைய நீட்டுனேன். அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தவ திரும்பிப் பாத்தா. நான் அவளப் பாக்கல. கிண்ணத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

நிறுத்தினான்.

"அப்புறம்?" என்றார் வடிவம்மாள்.

அவள் சொன்ன மாதிரியே, அவள் சொன்ன வேகத்திலேயே, அவன் சொன்னான்.

"'அந்தக் கிண்ணத்தத் தொடாதீங்க லா. எண்ணெ இன்னும் காயல.'"